சாமிப் பாத்திக்கு வேறு தண்ணீர்

விவசாயி ஒருவரின் பாசன நீர் பயிருக்கு உகந்ததா இல்லையா என்று எழுதுவதற்கு முன், அந்த நீரின் மாதிரியை அவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். அவர் முன்னிலையிலேயே போத்தலை மூடி முத்திரையிட வேண்டும். ஒரு நாளைக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அறிக்கை கைக்கு வரும்வரை வாயாலோ எழுத்தாலோ அபிப்பிராயம் சொல்லக் கூடாது. எங்கள் காலத்துக் களக் கைநூலில் இப்படித்தான் இருந்தது. உங்கள் கைநூலின் அட்டை நிறம் மாறியிருக்கலாம். விதி மாறியிருக்காது. ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் யாராவது அதை முதலில் வாசித்திருக்க வேண்டும்.

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் சொல்வதென்றால், நான் விதியைப் பின்பற்றினேன்; ஏமாந்தேன். விவரம் வேண்டுபவர்கள் மேற்கொண்டு வாசிக்கலாம்.

இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஒரு சிறிய டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டவுனின் சாப்பாட்டுக் கடைகள், இறைச்சிக் கடை, வாகனம் கழுவும் இடம், அவற்றின் பின்பக்கத்துக் கக்கூசுகள் எல்லாம் ஒரே சாக்கடைக் கானில் விழும். கான் ஓடையில் விழும். ஓடை ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் சதுப்பாகப் பரவும். சதுப்பில் தேயிலை வராது. ஆகவே தோட்ட நிர்வாகத்துக்கு அந்த நிலம் கண்ணில் படவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த ஒன்பது குடும்பங்களின் கண்ணில் பட்டது. கொழுந்து பறித்து வந்த பிறகு பின்னேரங்களில் அங்கே லீக்ஸ், முட்டைக்கோவா, பீட்ரூட், பச்சையாகத் தின்னும் சலாது இலை, வல்லாரை எல்லாம் போட்டார்கள். தோட்ட மேலாளராக எப்போதோ இருந்த ஒரு துரை "செய்யுங்கள்" என்று வாயால் சொன்னாராம். காகிதம் ஒன்றும் கிடையாது.

அந்த நிலம் பற்றி எங்கள் காரியாலயத்துக்கு ஒரு புகார்ப் பெட்டிசம் வந்தது. கக்கூஸ் தண்ணீரில் வளர்த்த சலாதுவை டவுன் பிள்ளைகள் தின்று வயிற்றுப்போக்கில் கிடக்கிறார்கள், அதிகாரிகள் தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தது. கையெழுத்து: பொதுமக்கள். இந்தப் பொதுமக்கள் என்பவர் என் சேவைக் காலம் முழுக்க எனக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுத்து ஒரு தடவை இருந்த மாதிரி மறு தடவை இருந்ததில்லை. அதற்காக அவர் சொன்னது பொய் என்றும் ஆகாது.

உதவிப் பணிப்பாளர் என்னிடம் ஒரு கேள்விப் படிவத்தைக் கொடுத்து அனுப்பினார். கழிவுநீர்ப் பாசனம் குறித்த விவசாயிகளின் மனப்பாங்கு என்று தலைப்பு. நான் முதலில் போன வீடு செவனம்மாவின் வீடு. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து நின்று விட்டவர். கணவன் இல்லை. மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். மற்ற எட்டுக் குடும்பங்களுக்கும் தோட்டத்தின் தொழிலாளர் பதிவில் பெயர் இருந்தது. செவனம்மாவுக்கு அந்தச் சதுப்புத் துண்டைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

"மரக்கறிக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"பீலித் தண்ணிதாங்க."

பீலி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லயத்துக்கு மேலே மலையில் ஊற்று இருக்கும். அதைத் தொட்டியில் பிடித்துக் குழாயில் கொண்டுவந்து லயத்தருகே விழ விடுவார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான்.

ஒன்பது வீட்டிலும் கேட்டேன். ஒன்பது வீட்டிலும் "பீலித் தண்ணிதாங்க" என்றார்கள். ஒன்பது பேர் ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது பதில் அல்ல, தீர்மானம். கடைசி வீட்டுக்காரர் சொல்லும்போதே அவர் கையிலிருந்த வாளியிலிருந்து கறுப்பாகச் சொட்டியது.

"அப்ப இது?"

"இது கைகால் கழுவங்க."

அந்த வாளியில் கால் வைத்தால் பிறகு காலைக் கழுவ வேறு வாளி வேண்டும்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பெருமாள் என்பவர் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். என்னை வழியனுப்புவதற்கு வந்தாரா, காவல் காப்பதற்கு வந்தாரா என்று அப்போது தெரியவில்லை. படிவத்தை நான் பையில் வைத்த பிறகு சொன்னார்:

"சார், கோவிச்சுக்காதீங்க. போன தடவையும் ஒரு ஐயா இப்புடித்தான் கேள்வி பாரம் எடுத்துக்கிட்டு வந்தாரு. ஊடு கட்டித் தர்றோம்னாரு. ஊட்டு அளவு, ஆள் கணக்கு எல்லாம் குடுத்தோம். ஊடு வரல. வேலிக்கம்பி வந்துச்சு."

"நான் அந்தத் திணைக்களம் இல்ல."

"பாரம் ஒரே மாதிரிதாங்க இருக்கு."

படிவத்தைப் பூர்த்தி செய்தாயிற்று. மனப்பாங்கு தெரியவில்லை. அடுத்த கிழமை சொல்லாமல் போனேன். உங்களுக்குச் சொல்கிறேன், முதல் தடவை சொல்லிவிட்டுப் போவது மரியாதை. இரண்டாம் தடவை சொல்லாமல் போவது வேலை.

பின்னேரம் நாலு மணி இருக்கும். சதுப்பின் மேட்டுப் பக்கம், பழைய சேலைத் துணியால் வேலி கட்டிய ஒரு சிறிய பாத்தியை அப்போதுதான் கவனித்தேன். கத்தரி, கோவா, ஓரத்தில் ஒரு பூசணிக் கொடி. செவனம்மா லயத்திலிருந்து இடுப்பில் குடத்தோடு அந்தச் செங்குத்துப் பாதையில் இறங்கி வந்து அந்தப் பாத்திக்கு மட்டும் ஊற்றினார். திரும்ப ஏறினார். மறுபடி குடத்தோடு இறங்கினார். ஓடை அவர் காலிலிருந்து பத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன தனிப் பாத்தி?"

"சாமிப் பாத்திங்க. அம்மன் திருவிழா அன்னதானத்துக்கு. கிழமைக்கு ஒரு ஊடு மொறை. இந்தக் கிழமை நானு."

"ஓடை பக்கத்துலேயே இருக்கு. ஏன் மேலேருந்து சுமக்கிறீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் படிவம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"சாமிக்கு அந்தத் தண்ணிய ஊத்த முடியுங்களா?"

"அப்ப மத்தப் பாத்திக்கு?"

"மத்தப் பாத்திக்கு பீலித் தண்ணிதாங்க."

கண் இமைக்காமல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

"நீங்களே சிரிச்சிட்டீங்க. இனி என்னத்த எழுதப் போறீங்க?" என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு பேசினார். ஓடை நீருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் டவுன் தண்ணி. உரப் பசளை எங்கும் கிடைக்காத அந்த வருடம் மேலே எல்லார் தோட்டமும் மஞ்சளாகிப் போனபோது டவுன் தண்ணி பாய்ந்த இடம் மட்டும் கறுகறுவென்று நின்றதாம். அதன் பிறகு அதை யாரும் அழுக்கு என்று சொல்வதில்லை.

"அதுல பசளை இருக்கு சார். வேற என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா அது நாங்க போட்டது இல்லியே. டவுன்காரங்க அனுப்புறாங்க, நாங்க சலாதுவாக்கித் திருப்பி அனுப்புறோம்."

"நீங்க அந்தச் சலாது சாப்பிடுவீங்களா?"

"எங்களுக்கு சலாது புடிக்காதுங்க."

படிவத்தில் இருந்த கேள்விகள் எல்லாம் எந்தத் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஆபத்து என்று கருதுகிறீர்களா என்றே இருந்தன. எந்தப் பாத்தியை விற்க மாட்டீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. அந்த ஒரு கேள்வி போதும். அதற்கு வாயால் பதில் வராது. குடத்தோடு யார் எங்கே நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இனி மாதிரி எடுப்பது. விவசாயிகள் முன்னிலையில் என்பது விதி. ஒன்பது குடும்பமும் ஒன்றாக இருக்கும் நாள் எது என்று பெருமாளைக் கேட்டேன்.

"போயாவுக்கு வாங்க சார். அன்னைக்கு பெரட்டு இல்ல, யாரும் வேலைக்குப் போவ மாட்டாங்க. எல்லார் முன்னாலயும் எடுங்க. பெறகு ஒருத்தரும் ஒண்ணும் பேச முடியாது."

எவ்வளவு முறையான மனிதர் என்று நினைத்தேன். முப்பது வருடச் சேவையில் என்னிடம் யாராவது விதியைக் காட்டிப் பேசினால் எனக்கு மனம் இளகிவிடும்.

பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று ஒன்பது குடும்பமும் வெளுத்த சட்டை, துவைத்த சேலையோடு வரிசையாக நின்றார்கள். எனக்குப் பிளேன்டீ கொடுத்தார்கள். ஓடையில் கூழாங்கல் தெரிந்தது. கொதிக்க வைத்த போத்தலில் நீரைப் பிடித்து, மூடி, அரக்கு வைத்து, எல்லாருடைய கையொப்பமும் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்தேன். செவனம்மா பெருவிரல் வைக்காமல் கையெழுத்தே போட்டார். மறுநாள் காலை ஆய்வுகூடம் திறந்ததும் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டும் வாங்கினேன். விதியில் ஒரு காற்புள்ளியைக்கூட விடவில்லை.

திரும்பும் பஸ் அந்தச் சதுப்புக்கு மேலேயுள்ள வளைவில் ஆள் ஏற்ற நின்றது. ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். ஓடை சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஓரமெல்லாம் எண்ணெய் மினுங்கியது. இறைச்சிக் கடைக்குக் கீழே வரும் கிளைக் கானின் வாயில் நீர் சிவப்பாக இருந்தது.

போயா அன்று இறைச்சிக் கடை பூட்டு. சாப்பாட்டுக் கடைகள் பாதி பூட்டு. வாகனம் கழுவும் இடம் பூட்டு. முதல் நாள் மழையும் பெய்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இந்த நாட்டில் பிறந்தவன், அறுபது வருடமாகப் போயாவுக்கு இறைச்சி வாங்க முடியாது என்று அறிந்தவன். ஆனால் என் கண் கைநூலில் இருந்தது. முன்னிலை, முன்னிலை என்று தேடிப்போனவன், அந்த முன்னிலையில் ஓடுவது எந்த நாளின் தண்ணீர் என்று பார்க்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். பெருமாள் வேலையிலிருந்தார். செவனம்மா பாத்தியில் இருந்தார். பறித்த சலாதுவைக் கட்டுக்கட்டாக ஓடையிலேயே அலசிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் போயாவுக்கு வரச் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதாங்க. அன்னைக்கு மீன்குஞ்சுகூட வரும்."

"என்னைய ஏமாத்திட்டீங்க."

"ஏமாத்தலியே. எல்லாம் சட்டப்படிதானே எடுத்தீங்க? நாங்க தண்ணிய மாத்தல, போத்தல மாத்தல. நாளத்தான் சொன்னோம்." அலசுவதை நிறுத்தவில்லை. "நீங்க கெட்ட தண்ணின்னு எழுதுனா தொர ஆளனுப்பி எல்லாத்தயும் புடுங்கிருவாரு. மத்தவங்களுக்குத் தோட்டத்துல பேரு இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

நான் நேராக ஆய்வுகூடத்துக்குத் திரும்பிப் போய், இந்த மாதிரி வழமையான நிலையைக் காட்டவில்லை, செல்லாது என்று எழுதிக் கையொப்பமிட்டு மீளப் பெற்றேன். அன்று பின்னேரமே உதவிப் பணிப்பாளர் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் அன்பாகப் பேசும் மனிதர். அன்பாகப் பேசினால் கவனமாக இருக்க வேண்டும். நல்ல முடிவு வரவிருந்த மாதிரியை யாராவது திரும்ப எடுப்பார்களா என்று கேட்டார். சுத்தம் என்று வந்தால் கானுக்குச் சொந்தக்காரர்கள் சந்தோஷம், தோட்டம் சந்தோஷம், விவசாயிகள் சந்தோஷம், கோப்பும் மூடப்படும். சுத்தமில்லை என்று எழுதினால் நிலத்தை வெறுமையாக்கும்படி தோட்டத்துக்கு எழுத வேண்டிவரும். இரண்டில் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். எது என்று அவர் சொல்லவில்லை. நல்ல அதிகாரிகள் சொல்ல மாட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குச் சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றியது. போயா மாதிரியைத் திரும்ப ஒப்படைத்தால் போதும். ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது. மறுநாள் டவுனுக்குப் போனேன். செவனம்மாவின் மரக்கறியை எடுக்கும் முஸ்லிம் கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணியமானவர். எனக்குக் கதிரை போட்டார்.

"நானா, அந்தச் சதுப்புச் சலாது எங்க போகுது?"

"ஹொஸ்டலுக்கு சேர். பிள்ளைகள்ட ஹொஸ்டல்."

"உங்கட வீட்டுக்கு?"

அவர் தராசைத் துடைத்தார். தராசு சுத்தமாகத்தான் இருந்தது. "எனக்கும் தெரியும்தானே சேர். வீட்டுக்கு நான் வெலிமடையில இருந்து வார சரக்குத்தான் எடுக்கிற."

"அப்ப ஹொஸ்டலுக்கு ஏன் இது?"

"அங்க யாரும் கேக்கிறல்லயே."

செவனம்மாவுக்குச் சாமிப் பாத்தி இருந்த மாதிரி நானாவுக்கு வெலிமடைச் சரக்கு. உதவிப் பணிப்பாளர் வீட்டில் என்ன சலாது என்று நான் விசாரிக்கவில்லை. அந்த ஓடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த எல்லாரும் தங்கள் தட்டை மட்டும் நகர்த்தி வைத்திருந்தார்கள். எஞ்சியது கேட்காத பிள்ளைகளின் தட்டு. அதைக் கேட்ட பிறகு போயா மாதிரியை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. மனம் வராதது வேறு, துணிவு வேறு.

வியாழன் பின்னேரம் செவனம்மாவிடமும் பெருமாளிடமும் பேசினேன். பச்சையாகத் தின்னும் எதையும் ஓடை நீரில் போடக் கூடாது; சலாதுவும் வல்லாரையும் இன்றே நிற்க வேண்டும். பறித்ததை ஓடையில் அலசக் கூடாது, பீலியில் அலச வேண்டும். லீக்ஸ், கோவா போன்ற சமைக்கும் சரக்குக்குக்கூட, அறுப்பதற்கு முந்திய நாட்களில் டவுன் தண்ணீர் வேண்டாம்.

"செய்றோம். நீங்க எழுதாதீங்க," என்றார் பெருமாள்.

"நீங்க செய்யுங்க. நான் எழுதுவேன்."

"பெறகு எதுக்கு நாங்க செய்யணும்?"

நியாயமான கேள்வி. பீலித் தொட்டியிலிருந்து மிஞ்சி வழியும் நீர் சும்மா மலையில் ஓடுவதைக் கண்டிருந்தேன். அதைக் குழாயில் சதுப்புக்கு இறக்க அனுமதி கேட்டு எழுதப் போகிறேன், அனுமதி வந்தால் ஓடையே தேவையில்லை என்று சொன்னேன். செவனம்மா என்னை நம்பவில்லை. நம்பாத முகம் எப்படியிருக்கும் என்று அந்தச் சில கிழமைகளில் எனக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தது.

"காயிதத்துல எங்க நெலத்த எடுக்கக் கூடாதுன்னு எழுதுவீங்களா?"

"அது என்னால எழுத முடியாது."

"அப்ப எழுதுறதுல ஒரு பிரதி எனக்குக் குடுங்க. சீல் குத்திக் குடுங்க."

வெள்ளிக்கிழமை காலை கடிதம் எழுதினேன். எடுத்த மாதிரி செல்லாது. ஆகவே நீரைப் பற்றி அபிப்பிராயம் தெரிவிக்க விதி இடமளிக்கவில்லை. இதற்கிடையில் அவ்விடத்தில் நடைபெறும் மரக்கறிச் செய்கைக்கு ஊற்று நீரின் மிகுதியை வழங்க அனுமதி கோருகிறேன். இதுதான் சாரம். மேலிடத்தில் சம்பந்தப்பட்ட நான்கு இடங்களுக்கும் பிரதி போட்டேன். எங்கள் காரியாலயத்தின் பழைய எழுதுவினைஞர் தட்டச்சு செய்துவிட்டு என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கடிதத்துக்குப் பதில் வேண்டுமென்றால் ஒருவருக்கு அனுப்புங்கள். நான்கு பேருக்குப் பிரதி போட்டால் ஒவ்வொருவரும் மற்ற மூவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்றார். விதிப்படி நான்கு பேருக்கும் போக வேண்டும் என்றேன். அவர் முத்திரையைக் குத்தினார்.

பதில் வரவில்லை. ஞாபகமூட்டல் அனுப்பினேன். கோப்பு பரிசீலனையில் இருப்பதாக ஒரு இடம், அது தங்களுக்குரிய விடயமல்ல என்று ஒரு இடம், மற்ற இரண்டும் மௌனம். உதவிப் பணிப்பாளர் மட்டும் என்னைக் கண்டால் முன்னைவிட அன்பாகப் பேசினார்.

சில மாதம் கழித்துத் தோட்டத்துக்குப் புதிய துரை வந்தார். சதுப்பில் யூகலிப்டஸ் கன்று நட ஆட்களை அனுப்பினார். வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையோடு ஆட்கள் மண்வெட்டியும் கையுமாக வந்து நின்றபோது செவனம்மா வீட்டுக்குள் போய், அடையாள அட்டை வைக்கும் பொலித்தீன் உறைக்குள் இருந்து என் கடிதத்தின் பிரதியை எடுத்து வந்தாராம். இதைப் பெருமாள்தான் எனக்குச் சொன்னார்.

"கணக்கப்பிள்ளைக்கிட்ட நீட்டுனா சார். 'வாசிங்க, இந்த எடம் ஆபீசுல விசாரணையில இருக்கு. பதில் வர்றதுக்கு முந்தி நீங்க கை வச்சா நீங்கதான் பதில் சொல்லணும்'னு சொன்னா. அவரு வாசிச்சாரு. சீலத் தடவிப் பாத்தாரு. கன்னெல்லாம் வேற மலைக்குப் போயிருச்சு."

இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். திட்டமிட்டிருந்தால் பிரதிகளை ஐந்தாக்கியிருப்பேன். பதில் வராத ஒரு கடிதம் வேலியைவிடப் பலமானது என்று என் முப்பது வருடப் படிப்பு சொல்லித் தரவில்லை. பெயர்ப் பதிவில்லாத ஒரு பெண் ஒரு பார்வையில் கண்டுபிடித்தார்.

அந்தத் தைரியத்தில் ஒன்பது குடும்பமும் சேர்ந்து குழாய் வாங்கி, தொட்டியின் மிகுதி நீரைத் தாங்களே இறக்கினார்கள். அனுமதி இல்லை. வேண்டாம் என்றும் யாரும் எழுதவில்லை. ஓடைப் பக்கம் கரை கட்டி டவுன் தண்ணீரைத் திருப்பி விட்டார்கள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பங்குனி வெயிலில் குழாயில் நீர் நூலாக வரும்போது என்ன ஊற்றுகிறார்கள் என்று சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் சலாதுப் பாத்தி காய்ந்து கிடந்தது. கரை உடையாமல் இருந்தது. சாமிப் பாத்திக்கு மட்டும் அப்போதும் குடத்தில் வந்துகொண்டிருந்தது.

"இப்பதான் எல்லாத்துக்கும் ஒரே தண்ணியாச்சே. இன்னும் ஏன் சுமக்கிறீங்க?"

"நமக்குத் தெரியும் சார். சாமி நம்புறதுக்குக் கொஞ்ச நாளாவும்."

போகும்போதெல்லாம் செவனம்மா ஒரே கேள்வி கேட்பார். "பதில் வந்துச்சா?" இல்லை என்பேன். "வராட்டி நல்லது," என்று உள்ளே போய்விடுவார். நான் ஓய்வுபெற்ற நாளிலும் பதில் வந்திருக்கவில்லை. விடைபெறும் கூட்டத்தில் என் நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். கோப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பதில் வந்தது. காரியாலயத்தில் யாரோ அன்பு கூர்ந்து என் பெயரைக் கண்டு, வீட்டு விலாசத்தை மேலே எழுதித் தபாலில் திருப்பிவிட்டிருந்தார்கள். கோரிக்கை கொள்கையளவில் ஏற்கப்படுகிறது. அவ்விடத்தில் பயிர் செய்வோரின் பெயர்ப் பட்டியலையும், ஒவ்வொருவரின் நில அனுமதிப் பத்திரத்தின் பிரதியையும், இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் அனுப்பவும். தவறின் அனுமதியற்ற செய்கை எனக் கருதி விடயம் தோட்ட நிர்வாகத்துக்கு ஆற்றுப்படுத்தப்படும்.

இதைவிட நல்ல பதில் வர முடியாது. ஆம் என்று சொல்லி நிலத்தைப் பிடுங்குகிறது.

பஸ் ஏறிச் செவனம்மாவிடம் போனேன். வாசித்துக் காட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. மகள் கொழும்பிலிருந்து வந்து குழாய்ப் பாத்தியில் கூடவே வேலை செய்துகொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொன்னார்.

"இது யாரு பேருக்கு வந்துருக்கு?"

"போதனாசிரியருக்கு."

"நீங்க இப்ப போதனாசிரியரா?"

"இல்லை."

"அப்ப எங்கக்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க? யாரு இப்ப அந்தக் கதிரையில இருக்காங்களோ அவங்கக்கிட்டக் குடுங்க. அவங்க எப்புடிப்பட்ட ஆளுன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

வீட்டுக்கு வந்து விதியைப் புரட்டினேன். பதவிக்கு எழுதிய கடிதம் பதவியிலிருப்பவருக்கே உரியது; உள்வரும் தபாற் பதிவேட்டில் அவர் கையொப்பமிடும்வரை அது கிடைத்ததாகாது. ஆகவே அந்த வட்டாரத்துக்கு உங்களில் யார் போகிறீர்களோ அவருக்கு இந்தக் குறிப்போடு சேர்த்து அதைக் கொடுத்தனுப்புகிறேன். கால எல்லை குறித்த கடிதம் ஒன்றில் தெளிவில்லாத பகுதிக்கு விளக்கம் கேட்டு எழுதினால், விளக்கம் கிடைக்கும்வரை அந்த எல்லை ஓடாமல் நிற்கும் என்று கைநூலில் ஒரு பந்தி இருக்கிறது. எத்தனையாம் பக்கம் என்று சொல்ல மாட்டேன். தேடும்போது மற்றதையும் வாசிப்பீர்கள். எழுதுமுன் ஒரு பின்னேரம் சொல்லாமல் அங்கே போய், குடத்தோடு யார் எங்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களை நம்ப மாட்டார்கள். கோபப்படாதீர்கள்.

உறையின் மேல் தபால் முத்திரை மங்கியிருக்கிறது. கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அது பழைய போதனாசிரியரின் வீட்டுக்கு வந்தது இந்த வருடத் தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பின்னேரத் தபாலில்; உங்களுக்குக் கிடைத்தது நீங்கள் பதிவேட்டில் கையொப்பமிட்ட நாளில்.